இரண்டு விடைத்தாளிலும் 17.8

அரையாண்டுத் தேர்வு முடிந்து, பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஆசிரியர் 33-ஆவது வினாவுக்கு வந்ததும் இரண்டு தாள்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் விடை 17.8 மீட்டர். சரியான விடை 19.6. சரியான விடை முப்பது பேருக்கு ஒன்றாக வரும். தவறான விடை, அதுவும் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரை, இரண்டு பேருக்கு ஒன்றாக வந்தால் ஒருவன் இன்னொருவனைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர் அப்படி நினைத்தது சரி. யார் யாரைப் பார்த்தான் என்று நினைத்ததில்தான் தவறு நேர்ந்தது.

வடசென்னையில் உள்ள ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் நான் கணிதம் கற்பித்த காலத்தில் நடந்தது இது. பள்ளியின் பெயரும் மாணவர்களின் பெயரும் இங்கே வராது. இருவரும் இன்று தங்கள் வழியில் போய்க்கொண்டிருக்கும் இளைஞர்கள். தேர்வு அறையில் முன்னே உட்கார்ந்திருந்தவனை முன்னவன் என்றும், அவனுக்குப் பின்னே உட்கார்ந்திருந்தவனைப் பின்னவன் என்றும் சொல்கிறேன். பின்னவன் வகுப்பில் முதல் மாணவன், வகுப்புத் தலைவன். முன்னவன் எல்லாப் பாடங்களிலும் முப்பத்தைந்தை ஒட்டியே வந்துகொண்டிருந்தவன்.

முதல் இரண்டு நாட்கள்

ஆசிரியர் ஓய்வறையில் இரண்டு தாள்களையும் பார்த்தவர்கள் ஒருவர்கூட எதிர்க்கேள்வி கேட்கவில்லை. எழுபதுக்கு அறுபத்து நான்கு வாங்கியவன், முப்பத்தொன்று வாங்கியவனைப் பார்த்து எழுதுவானா? அப்படி ஒரு எண்ணமே எங்கள் தலையில் எழவில்லை. வகுப்பாசிரியர் முன்னவனை அழைத்துவந்து எல்லோர் முன்னிலையிலும் விசாரித்தார். அவன் முதலில் இல்லை என்றான். பிறகு பேசாமல் நின்றான். மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவேன் என்றதும் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை ஒப்புதலாக எடுத்துக்கொண்டோம்.

அவன் தாளில் சிவப்பு மையால் 'காப்பி' என்று எழுதி, மொத்த மதிப்பெண்ணையும் அடித்துப் பூஜ்யம் போடப்பட்டது. இரண்டு பாடவேளை வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நிற்க வைக்கப்பட்டான். தாய் வரவழைக்கப்பட்டார். தனியார் மருத்துவமனை ஒன்றில் துப்புரவுப் பணி. சீருடையுடனேயே வந்திருந்தார், அரை நாள் சம்பளம் போயிருக்கும். அலுவலக வாசலில் மகனைப் பார்த்து, "உனக்கு மதிப்பெண் வரவில்லை என்று நான் எப்போதாவது திட்டியிருக்கிறேனா? பிறகு ஏன் இப்படிச் செய்தாய்?" என்று மட்டும் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை மன்னிப்புக் கடிதம் கொடுத்தான். அதை வகுப்பில் வாசித்தார்கள். பின்னவனும் அங்கே உட்கார்ந்து அதைக் கேட்டான்.

தலைமையாசிரியர் மூன்று பேர் கொண்ட ஒழுங்குக் குழுவின் கையெழுத்தைக் கேட்டார். வேதியியல் ஆசிரியை, உடற்கல்வி ஆசிரியர், நான். முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. ஏழு நாள் வகுப்புக்கு வரக்கூடாது, இயற்பியலில் பூஜ்யம். நாங்கள் செய்ய வேண்டியது கீழே கையெழுத்துப் போடுவது மட்டும்தான். மற்ற இருவரும் போட்டுவிட்டார்கள். என் பேனாவும் திறந்திருந்தது. என் நியாய உணர்வு அந்த நேரத்தில் விழித்துக்கொண்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். கணக்கு ஆசிரியன் என்ற பழக்கத்தில், அந்த 17.8 எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் என்னை நிறுத்தியது. தாள்களைக் கேட்டேன்.

விடைத்தாள்கள் சொன்னது

வினா எளிமையானது. கட்டடத்தின் உச்சியிலிருந்து கை நழுவி விழும் கல் 2 வினாடியில் தரையைத் தொடுகிறது. கட்டடத்தின் உயரம் என்ன? ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று எடுத்து, நேரத்தின் வர்க்கமான 4-ஆல் பெருக்கி, பாதியாக்கினால் 19.6. இரண்டு மாணவர்களும் 9.8-க்குப் பதிலாக 8.9 என்று எழுதியிருந்தார்கள். 8.9-ஐ நான்கால் பெருக்கினால் 35.6, அதில் பாதி 17.8. தொடக்கத்தில் ஒரே ஒரு எண் இடம் மாறியிருக்கிறது. அதன்பின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

முன்னவனின் தாளில் கடைசிப் பக்கம் முழுக்கக் கிறுக்கல். பெருக்கல்கள், அடித்தல்கள், மூலையில் ஒரு சிறு கட்டடமும் அதிலிருந்து கீழே இறங்கும் அம்புக்குறியும். அம்புக்குறிக்குப் பக்கத்தில் தெளிவாக 9.8 என்று இருந்தது. அங்கிருந்து விடைப் பக்கத்துக்கு எடுத்து எழுதும்போது அது 8.9 ஆகிவிட்டது. அதாவது அந்தப் பிழை பிறந்த இடம் இந்தத் தாளில் இருக்கிறது. பின்னவனின் தாளில் கடைசிப் பக்கம் வெள்ளையாக இருந்தது. படமில்லை, பெருக்கலில்லை. 8.9 என்ற எண் எங்கிருந்தோ வந்து நேராக விடைக்குள் உட்கார்ந்திருந்தது.

முன்னவனின் கணக்கு நோட்டையும் எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். என் பாடம், நான் திருத்திய நோட்டு. 38 இருக்க வேண்டிய இடத்தில் 83. 1.25 இருக்க வேண்டிய இடத்தில் 1.52. ஒவ்வொரு இடத்திலும் என் கையெழுத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தேன். ஒரே வகையான பிழை, ஏழெட்டு இடங்களில். அதை ஒன்றாக வைத்து ஒரு முறைகூட நான் பார்க்கவில்லை. அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிடத்தை என் ஆசிரியப் பணியில் என்னால் மறக்க முடியாது.

அடுத்தது இருக்கை. எங்கள் பள்ளியில் தேர்வின்போது ஒரு பெஞ்சில் ஒன்பதாம் வகுப்பு மாணவனையும் பதினொன்றாம் வகுப்பு மாணவனையும் கலந்து உட்கார வைப்போம். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் பயனில்லை. பார்க்க வேண்டுமானால் முன்னேதான் பார்க்க வேண்டும். முன்னே இருப்பவன் பின்னே இருப்பவனைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டும். அறைக் கண்காணிப்பாளராக இருந்த ஆசிரியையிடம் கேட்டேன். யாரும் திரும்பிப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. இதை அவரிடம் அதுவரை எவரும் கேட்கவே இல்லை.

முதல் மாணவன் ஏன் பார்த்தான் என்பதற்கும் வினாத்தாளிலேயே விளக்கம் இருந்தது. எழுபது மதிப்பெண் இயற்பியல் தாளில் மூன்று மதிப்பெண் பகுதியில் ஒன்பது வினாக்களில் ஆறு எழுதினால் போதும். ஆனால் 33-ஆவது கட்டாய வினா, பெரும்பாலும் கணக்கு. மற்றவற்றில் வரையறை, வருவித்தல், வேறுபாடு என்று மனப்பாடத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கட்டாய வினாவில் தப்பிக்க வழியில்லை. பின்னவன் கைடைக் கரைத்துக் குடித்தவன். கணக்கு வந்தால் நடுங்குவான். முன்னவனுக்கு வரையறை எழுத வராது, எழுத்துப் பிழை மலிந்திருக்கும். ஆனால் கல் எப்படி விழுகிறது என்று அவனுக்குத் தெரியும். வகுப்பில் கணக்கு போடும்போது அவன் முதலில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பின்னவன் கவனித்திருக்கிறான். ஆசிரியர்களாகிய நாங்கள் கவனிக்கவில்லை.

இருவரையும் தனித்தனியாக அழைத்தேன். வெற்றுத்தாள் கொடுத்து, நேரத்தை 3 வினாடியாக மாற்றி அதே கணக்கைப் போடச் சொன்னேன். முன்னவன் படம் வரைந்தான், பெருக்கினான், 44.1 என்று வந்தது. அதை விடை வரியில் எடுத்து எழுதும்போது 41.4 என்று எழுதினான். பின்னவன் சூத்திரத்தை அழகாக எழுதினான். அதற்குமேல் பேனா நகரவில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, "சார், நான்தான் பார்த்தேன். அவனுக்கு எதுவும் தெரியாது" என்றான். அதைச் சொல்லி முடித்ததும் அழத் தொடங்கினான். கடிதம் வாசிக்கப்பட்ட நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

பிடித்தவரே தீர்ப்பும் சொன்னால்

பொதுத்தேர்வில் ஒரு மாணவன் துண்டுச் சீட்டுடன் பிடிபட்டால், அறைக் கண்காணிப்பாளரோ பறக்கும் படையோ தண்டனை விதிப்பதில்லை. அவனிடம் எழுத்தில் வாக்குமூலம் பெற்று, விடைத்தாளுடன் அறிக்கை அனுப்புவார்கள். முடிவு நுங்கம்பாக்கத்தில் இருக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் எடுக்கப்படும். அந்த முறையிலும் குறைகள் இருக்கலாம். ஆனால் பிடித்தவர் ஒருவர், தீர்மானிப்பவர் வேறொருவர். எங்கள் பள்ளியில் கண்டுபிடித்தவர், விசாரித்தவர், தண்டித்தவர் எல்லோரும் ஒரே ஓய்வறையில் ஒரே நேரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள். முப்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

பள்ளித் தேர்வுதானே, இதற்குப்போய் இவ்வளவு விசாரணையா என்று உடற்கல்வி ஆசிரியர் என்னைக் கேட்டார். நல்ல மனிதர், உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். 2020-இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானபோது தமிழ்நாடு அரசு எதை வைத்து மதிப்பெண் போட்டது? காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு. பள்ளி அலமாரியில் தூசி படிந்து கிடந்த விடைத்தாள்கள் ஒரே நாளில் மாணவர்களின் எதிர்காலமாகிவிட்டன. 2021-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் ரத்தானது. அப்போதும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வெறும் திருப்புதல் தேர்வின் வினாத்தாள்களே முன்கூட்டி வெளியாகிச் சமூக ஊடகங்களில் சுற்றின. பள்ளித் தேர்வை அற்பமாக நினைப்பவர்கள் இதையெல்லாம் மறந்துவிடுகிறார்கள்.

பெரியவர்கள் செய்தால் என்ன நடக்கிறது என்பதும் நம் கண்முன்னே இருக்கிறது. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில், சில மணி நேரத்தில் மறைந்துபோகும் மையால் விடைகளைக் குறித்து, பிறகு விடைத்தாள்களைக் கொண்டுசெல்லும் வழியில் அவற்றைத் திருத்தியது கண்டுபிடிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தது. நீட் குளறுபடிகளால் நாடே கொதித்த 2024-இல், மத்திய அரசின் பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. முறைகேடு செய்வோருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அது தேசிய அளவிலான தேர்வு முகமைகளுக்கான சட்டம். பள்ளிக்கூடத்துக்கு உள்ளே வராது. பள்ளிக்குள்ளே நடைமுறை என்று ஒன்று இருந்தால் அதை ஆசிரியர்கள்தான் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். நாங்கள் உருவாக்கவில்லை. அதற்குப் பதிலாக எங்களிடம் இருந்தது மதிப்பெண் பதிவேடு. அதைப் பார்த்துத்தான் யார் நல்லவன், யார் திருடன் என்று முடிவு செய்தோம்.

எழுதாமல் விட முடியாத இன்னொன்றும் இருக்கிறது. காப்பியடித்துப் பிடிபட்ட அவமானத்தில் மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளை இந்த நகரம் படித்திருக்கிறது. வராந்தாவில் நின்ற அந்த இரண்டு பாடவேளையில் முன்னவன் மனத்தில் என்ன ஓடியது என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு குழந்தையை அடிப்பதோடு மன உளைச்சலுக்கு ஆளாக்குவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு பதினான்கு வயது வரைதான். எங்கள் மாணவனுக்குப் பதினாறு. பதினாறு வயதில் அவமானம் வலிக்காது என்று எவராவது சொல்ல முடியுமா?

என்ன தண்டனை என்ற வாதம்

உண்மை தெரிந்தபின் ஓய்வறையின் கோபம் முழுவதும் திசை மாறிப் பின்னவன்மீது பாய்ந்தது. வேதியியல் ஆசிரியை, முன்னவனுக்கு விதித்த அதே தண்டனையை இவனுக்கும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மாணவனுக்கு ஒரு நியாயம் மற்றவனுக்கு ஒரு நியாயம் என்றாகிவிடும் என்றார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் முன்னவனுக்கு விதித்ததே தவறான தண்டனை. அதை இன்னொருவனுக்கும் கொடுத்துச் சமன் செய்ய முடியாது என்று நான் சொன்னேன். அன்று மாலை ஐந்தரை வரை பேசினோம்.

பின்னவனின் தந்தை மறுநாள் வந்தார். பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் கணக்கு அவருக்கு விரல் நுனியில் இருந்தது. கணிதம் நூறுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகக் குறைத்து, மொத்தம் 200. இயற்பியலில் மூன்று மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் ஒன்றரை போய்விடும் என்று மகனிடம் வீட்டில் சொல்லியிருக்கிறார். அது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான கணக்கு. பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தாளுக்கும் கட்-ஆஃபுக்கும் தொடர்பே இல்லை. ஆனால் வீட்டில் ஒவ்வொரு தேர்வும் அந்தத் தராசில்தான் நிறுக்கப்பட்டது. பள்ளியும் சளைத்ததில்லை. மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. எங்கள் வாசலில் வகுப்பு முதல்வர்களின் படம் போட்ட ஃபிளெக்ஸ் அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னவனின் படம் அதில் இரண்டாவது.

"காட்டியவனும் குற்றவாளிதானே சார்? அவனையும் விடக்கூடாது" என்றார் தந்தை. காட்டியவன் என்று ஒருவன் இல்லை, முன்னே இருந்தவனுக்கு யாரோ பார்க்கிறார்கள் என்பதே தெரியாது என்று விளக்கினோம். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகம். இது சான்றிதழில் வருமா என்று மூன்று முறை கேட்டார். வராது என்றோம்.

கடைசியில் எடுத்த முடிவு இது. பின்னவனின் இயற்பியல் தாள் முழுவதும் ரத்து. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வேறு வினாத்தாளில் மறுபடி எழுத வேண்டும். அதில் வரும் மதிப்பெண்தான் பதிவேட்டில் ஏறும். அந்த ஒரு கணக்கை மட்டும் அடித்துவிட்டால் போதாதா என்று கேட்டார்கள். அந்தத் தாளில் வேறு எது அவனுடையது, எது முன்னே இருந்து வந்தது என்று எங்களால் இனிச் சொல்ல முடியாது. பூஜ்யமும் எனக்கு உடன்பாடில்லை. மாணவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அறியத்தான் தேர்வு வைக்கிறோம். காப்பி அடித்தவன் அந்தத் தகவலைத்தான் எங்களிடமிருந்து மறைத்தான். பூஜ்யம் போட்டால் அது இன்னும் மறைந்தே இருக்கும். திரும்ப எழுதச் சொன்னால்தான் வெளியே வரும்.

அவன் ஒரு கடிதமும் எழுதினான். மாதிரி எதுவும் கொடுக்கவில்லை. எந்த வினாவில், எப்போது, எப்படிப் பார்த்தான், கடிதம் வகுப்பில் வாசிக்கப்பட்டபோது ஏன் எழுந்திருக்கவில்லை என்று தன் சொந்த வார்த்தையில் ஒன்றரைப் பக்கம் எழுதி, முன்னவனிடம் தலைமையாசிரியர் அறையில் கொடுத்தான். முன்னவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஒரு முடிவில் நாங்கள் பிழை செய்தோம். வகுப்புத் தலைவன் பொறுப்பிலிருந்து அவனை அந்த வாரமே எடுத்தோம். காரணம் சொல்லாமல் எடுத்ததால் இரகசியம் காக்கப்படும் என்று நினைத்தோம். ஒரே நாளில் வகுப்பு கண்டுபிடித்துவிட்டது. 'பதினேழு புள்ளி எட்டு' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவன் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் நானும் இயற்பியல் ஆசிரியரும் பெரம்பூரில் அவன் வீட்டுக்குப் போனோம். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணை அவன் தாயிடம் எழுதிக்கொடுத்தோம். பருவம் முடியும்வரை காத்திருந்து பொறுப்பை இயல்பாக மாற்றியிருக்கலாம். அது அன்று எனக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்குப் பிறகு எழுதிய தாளில் அவனுக்கு எழுபதுக்கு ஐம்பத்தெட்டு. கட்டாயக் கணக்கில் சூத்திரம் எழுதி, எண்களைப் பொருத்தி, பாதியில் நின்றிருந்தான். மூன்றுக்கு ஒன்று. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு படம் வரைந்திருந்தான்.

முன்னவனுக்கு

அவனுடைய முப்பத்தொன்று பதிவேட்டில் திரும்ப ஏறியது. சிவப்பு மையில் எழுதியதை அடித்து, வகுப்பாசிரியர் அருகே கையெழுத்திட்டார். வகுப்பில் வைத்து நடந்த அவமானத்தை வகுப்பில் வைத்தே துடைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். வகுப்பாசிரியர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், அதுவும் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே. போதாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கடிதத்தை எத்தனை நிமிடம் வாசித்தோமோ, அத்தனை நிமிடமாவது பேசியிருக்க வேண்டும்.

எண்கள் இடம் மாறுவதைப் பற்றி மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் இருக்கின்றன. மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அவன் பதினோரு ஆண்டு பள்ளியில் படித்திருக்கிறான். அதுவரை இதைப் பற்றி அவன் தாயிடம் ஒருவரும் பேசியதில்லை.

அந்தத் தாயைத் தலைமையாசிரியர் மறுபடி வரச் சொன்னார், இந்த முறை அவருக்கு வசதியான ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் மூவரும் இருந்தோம். நடந்ததைச் சொல்லி, தவறு எங்களுடையது என்று தலைமையாசிரியர் வருத்தம் தெரிவித்தார். மகன் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் அதை அங்கேயே விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"இதில் ஒரு பிழைகூட இல்லையே. இதை உனக்கு யாரடா எழுதிக் கொடுத்தது?"

வகுப்பாசிரியர்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டார் என்றான் அவன். பார்த்து எழுதினேன் என்றான்.